மூன்றாவது மேடையின் காரம்

என் நாத்தனாருக்குப் பண்ணையில் சி.ஐ.டி. என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அவருக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வீட்டில் பாலை மூன்று முறை முகர்ந்து பார்ப்பார். துணிக்கொடியில் எத்தனை கிளிப் என்று எண்ணி வைத்திருப்பார். பூட்டிய கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை போவார், திரும்பி வந்து மறுபடியும் தள்ளிப் பார்ப்பார். நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே என் பெட்டியிலிருந்த சீப்பைக் கையில் எடுத்து, "இது நம்ம வீட்டு சீப்பு மாதிரியே இருக்கே" என்றார். என் அம்மா வாங்கிக் கொடுத்த சீப்பு அது. பதினோரு வருடமாகிறது, அந்தப் பேச்சை நான் இன்னும் மறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருதலைப்பட்சமாகச் சொல்கிறேன் என்று யாரும் என்மேல் பழி போடக் கூடாது.

அண்ணி, அப்படித்தான் நான் அவரைக் கூப்பிடுவேன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்த மூன்று பேரைப் பற்றியும் அவரே விசாரித்தாராம். மூன்று பேரிடமும் ஏதோ ஒன்று இடித்ததாம். எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறார். நானும் அவரும் வேலை பார்ப்பது ஒரே காய்கறி ஆராய்ச்சிப் பண்ணையில். அவர் வலைக்குடிலில் செடிகளைக் கவனிக்கிறார். நான் நூறடி தள்ளி ஆய்வுக்கூடத்தில் இலை அரைக்கிறேன். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் வருவோம். இடைப்பட்ட நேரம்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு விடக் கிடைக்கும்.

எங்களுக்கு மேலே இருப்பவர் டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, செடியைப் படித்து டாக்டர் ஆனவர். இந்தப் பருவத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம் முட்டைக்கோஸின் காரம். கோஸுக்குக் காரமா என்று கேட்காதீர்கள். கோஸ், காலிபிளவர், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். கடுகை மென்றால் மூக்கில் ஏறுகிறதே, அதுதான் அந்தக் குடும்பத்துக்கே பொதுவான ஆயுதம். இலைக்குள் இரண்டு சரக்கைத் தனித்தனியே பூட்டி வைத்திருக்கும். புழு கடித்தால் பூட்டு உடைந்து இரண்டும் கலந்துவிடும், காரம் கிளம்பும், புழு வாயைச் சுளித்துக்கொண்டு வேறு இடம் பார்க்கும். இந்தக் காரம் எல்லா நாளும் ஒரே அளவாக இருக்காது. முளைத்த புதிதில் தூக்கலாக இருக்கும், செடி வளர வளர இறங்கும். குருத்தில் ஓர் அளவு, அடியிலையில் ஓர் அளவு, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. எந்த வாரம் எவ்வளவு என்று ஒரு கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் ஆசை.

இருநூற்று நாற்பது தொட்டி. மூன்று மேடை, மேடைக்கு எண்பது. எட்டு வாரக் கணக்கு. வியாழக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அண்ணி மேடைக்கு எட்டுச் செடியாக எடுத்து, மேலிருந்து மூன்றாவது இலையை வெட்டுவார். அலுமினியத் தாளில் சுற்றி, எண் எழுதி, பனிப்பெட்டியில் போட்டு என்னிடம் கொண்டுவருவார். நான் அரைத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி மெஷினுக்குக் கொடுப்பேன். எவ்வளவு காரம் என்று மெஷின் எண்ணாகச் சொல்லும். ஒருமுறை வெட்டிய செடியை மறுபடி தொட மாட்டோம். அது கணக்கிலிருந்தே போய்விடும். காயம்பட்ட செடி உஷாராகி, மிச்சமிருக்கும் இலைகளிலும் காரத்தை ஏற்றிவிடும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். அண்ணியும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மெஷின் வருவதற்கு முன்பு அண்ணியின் நாக்குதான் மெஷின். எந்த முள்ளங்கி காட்டம், எந்த முள்ளங்கி சாது என்று ஒரு துணுக்கை முன்பல்லில் வைத்தே சொல்லிவிடுவார், அது தப்பியதில்லை. அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. செடியின் அடியில் பழுக்கத் தொடங்கிய இலையில் நகத்தால் கடுகளவு கிள்ளி, மென்று, துப்பி, குழாயில் வாய் கொப்பளிப்பார். குழாய் மூன்றாவது மேடைக்குப் பக்கத்தில் இருந்ததால் கிள்ளுவதும் அங்கேதான். நூறு தடவை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் மூக்கைச் சொறிவதைப் பார்க்கிற மாதிரி பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் கோடு கோணிக்கொண்டது. முதல் இரண்டு மேடையிலும் காரம் சொல்லிவைத்தாற்போல இறங்கியது. மூன்றாவது மேடையில் இறங்கவில்லை. நான்காவது வாரம் ஏறியே விட்டது. டாக்டரம்மா பூதக்கண்ணாடியோடு வந்து புழு தேடினார், அசுவினிப் பூச்சி தேடினார், வலையில் ஓட்டை தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"யாரோ கை வச்சிருக்காங்க," என்றார் அண்ணி அன்று பஸ்ஸில். "எனக்கு முதல்லேர்ந்தே தோணிச்சு."

"யாரு அண்ணி?"

"குழாய் எந்த மேடைக்குப் பக்கத்துல இருக்கு?"

குழாயடியில் வேலை செய்பவர் தண்ணீர்க்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு மாதத்துக்கு முன்புதான் வேறொரு பண்ணையிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். பம்ப் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அவரும் அவர் மனைவியும் அதில் இருந்தார்கள். வேலை இருக்கும்வரைதான் அறை. பேச்சு குறைவான மனிதர். தண்ணீர் விட்டு முடித்த பிறகும் பத்து நிமிடம் மூன்றாவது மேடை ஓரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அந்தப் பத்து நிமிடம் அண்ணியின் கண்ணை உறுத்தியது.

"தண்ணி விட்டாச்சுல்ல, இன்னும் என்ன பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"சும்மா நிக்கிறேம்மா. செடிங்க பக்கத்துல நின்னா நல்லா இருக்கு."

இந்தப் பதில் அண்ணிக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிற ஆளை யார் நம்புவார்கள்? பழைய பண்ணையில் ஏதோ தகராறாம், தண்ணீரில் எதையோ கலந்துவிடுகிறாராம், டாக்டரம்மாவுக்கு ஆகாத யாரோ அனுப்பிவைத்த ஆளாம் என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. டீ நேரத்தில் நானும் என் பங்குக்கு இரண்டு வார்த்தை போட்டேன். சந்தேகப் பிராணி என்று அண்ணியைப் பதினோரு வருடமாகக் கரித்துக்கொட்டியவள், அந்த வாரம் அவருக்கு ஒரு படி மேலேயே போய்விட்டேன்.

அண்ணி துப்புத் துலக்க ஆரம்பித்தார். மூன்றாவது மேடையில் தினமும் கிள்ளிச் சுவைத்துப் பார்ப்பது, காட்டமாக இருக்கும் செடிக்குச் சிவப்பு நூல் கட்டுவது, நூல் கட்டிய செடியை மறுநாளும் கிள்ளுவது, அதற்கு மறுநாளும் கிள்ளுவது. "பாத்தியா, நேத்தைக்கு இன்னைக்கு ஏறியிருக்கு. அந்தாளு காலையில வந்து நின்னுட்டுப் போனான்," என்பார். நாலு நூல் எட்டாகி, எட்டு இருபதாகி, மூன்றாவது மேடையைத் தூரத்திலிருந்து பார்த்தால் செடிகளுக்கெல்லாம் காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

ஐந்தாவது வாரம் தொடங்கும்போது இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, அண்ணி நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தார். எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை நிமிடம் நின்றார், முகம் எந்தத் தொட்டிப் பக்கம் இருந்தது, எல்லாம் அதில் இருந்தது. தண்ணீர்க்காரர் இனி பண்ணைக்குள்ளேயே வரக் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடி வேலையில் வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யும், அதுவரை அறையில் இருக்க வேண்டாம் என்றார்கள். அவரும் மனைவியும் இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு மைத்துனர் வீட்டுக்குப் போனார்கள். போகும்போது அவர் யாரையும் திட்டவில்லை. அதையும் அண்ணி சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். "குத்தம் பண்ணாதவன்னா ரெண்டு வார்த்தை கேட்டிருப்பானே," என்றார்.

இரண்டாவது காரியம், அண்ணிக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய இடம் பழுத்து, கன்னம் பன் மாதிரி வீங்கி, ஆறின பாலைத் தவிர இரண்டு வாரம் எதையும் வாயில் வைக்க முடியவில்லை. நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டாரோ என்று பல் டாக்டர்மேலும் ஒரு வாரம் சந்தேகப்பட்டார்.

அந்த இரண்டு வாரமும் மூன்றாவது மேடையின் காரம் இறங்கியது. ஆறாவது வாரம் மற்ற மேடைகளோடு ஒட்டிக்கொண்டது. ஆள் போனதும் காரம் போய்விட்டது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்க அக்கா கண்ணுல மண்ணைத் தூவ முடியாது," என்று என் வீட்டுக்காரர் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். பட்டப்பெயரை இப்போது முகத்துக்கு நேராகவே, அதுவும் மரியாதையாகவே சொன்னார்கள். அண்ணி வீங்கிய கன்னத்தோடு சிரித்தார். வலித்திருக்கும்.

ஏழாவது வாரம் வாய் ஆறியது. எட்டாவது வாரத்து எண்கள் வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாவது மேடை மறுபடியும் ஏறியிருந்தது. தண்ணீர்க்காரர் பண்ணைப் பக்கம் வந்து ஒரு மாதம் ஆகப் போகிறது.

தாளை எடுத்துக்கொண்டு வலைக்குடிலுக்கு ஓடினேன். அண்ணி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தெரியும். திருட்டுத்தனமா உள்ள வந்து போறான். கள்ளச் சாவி போட்டு வச்சிருப்பான். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதையும் எழுதிக் கொடுக்கப் போறேன். போலீசுக்கே போகட்டும்."

அந்த வாரம் வெட்டிய எட்டில் ஐந்து செடி ஏறியிருந்தது. அந்த ஐந்து எண்ணும் தொட்டியில் எதுவென்று தேடினேன். ஐந்திலும் சிவப்பு நூல். ஏறாத மூன்றில் நூல் இல்லை.

"இதுக்கெல்லாம் நூல் எப்ப கட்டினீங்க?"

"போன வாரம். வெட்டுறதுக்கு முன்னாடியே கட்டிட்டேன். எனக்கு மெஷின் வந்து சொல்லணுமா?" என்று சொல்லிக்கொண்டே பக்கத்துச் செடியின் அடியிலையில் கிள்ளி வாயில் போட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். நூல் கட்டிய ஒவ்வொரு செடியிலும் அடியிலையின் ஓரத்தில் பிறை மாதிரி சின்னச் சின்ன வெட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஏழு எட்டு. புழு அப்படி வரிசையாகக் கடிக்காது. பல் பிடுங்கிய இரண்டு வாரமும் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் ரகளையாகும் என்ற பயம் பாதி. டீ நேரத்தில் நானும்தானே பேசினேன் என்ற வெட்கம் மீதி. திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னேன்.

"அண்ணி, பல் பிடுங்கின ரெண்டு வாரம் நீங்க கிள்ளல. அந்த ரெண்டு வாரம்தான் காரம் இறங்கிச்சு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல."

"அந்தாளு பொண்டாட்டி வந்து உன்னைப் பாத்தாளா?"

"நான் அவங்க முகத்தைக்கூட சரியாப் பாத்ததில்ல."

"பதினோரு வருஷம் காத்திருந்து வஞ்சம் தீர்க்கிறே. அந்தச் சீப்புக்குத்தானே?"

அதை அவரும் மறக்கவில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பஸ் வந்தது, ஏறினோம், தனித்தனி சீட்டில் உட்கார்ந்தோம். பண்ணை வாசலில் இறங்கியதும் அவரே பக்கத்தில் வந்தார்.

"கடுகளவு கிள்ளுறது ஒரு காயமா? கத்திரி வச்சு வெட்டினாத்தானே காயம். அதுவும் நாம வெட்டுற இலையை நான் தொடவே இல்லையே."

"செடிக்குக் கத்திரி எது, நகம் எது, புழுப் பல் எதுன்னு தெரியுமா அண்ணி?"

தன் கட்டைவிரல் நகத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சந்தேகம்னு வந்தாச்சுன்னா பாதியில விடக் கூடாது," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

அவர் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மரியாதை வருகிறது. முதல் இரண்டு மேடையில் வெட்டாமல் மிஞ்சிய செடிகளிலிருந்து இருபதை எடுத்தார். பத்தைத் தினமும் கிள்ளினார், பத்தைத் தொடவில்லை. எந்தப் பத்து என்று எனக்குச் சொல்லவில்லை. நான் மாற்றி எழுதிவிடுவேனாம். பட்டியலை எழுதி மடித்து, கைப்பையின் உள் ஜிப்பில் வைத்துப் பூட்டினார். வியாழக்கிழமை பத்து மணிக்கு இருபது பொட்டலம் என் மேஜைக்கு வந்தது. மறுநாள் பதினோரு மணிக்குக் குழு.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் மெஷின் தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன். கைப்பையைத் திறந்து பட்டியலை எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தார். மூன்று முறை பார்த்தார்.

"மெஷின் சரியா ஓடுதா?"

"ஓடுது அண்ணி."

"நீ எதையும் மாத்தி வைக்கலியே?"

"எது எதுன்னு எனக்குத் தெரியவே தெரியாதே."

கிள்ளிய பத்தில் ஒன்பது ஏறியிருந்தது. கிள்ளாதது ஒன்றுகூட ஏறவில்லை. "இந்த ஒண்ணு ஏறலியே," என்று பத்தாவது எண்ணின்மேல் விரலை வைத்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு விரலை எடுத்துவிட்டார்.

"நானே பண்ணியிருக்கேன். ஏறுதா ஏறுதான்னு பாத்துப் பாத்து நானே ஏத்தியிருக்கேன். ஒரு மனுஷனைக் குடியிருந்த இடத்தைவிட்டுத் துரத்திட்டேனே."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. தோற்றுப்போய் ஒரு நாளாவது உட்கார மாட்டாரா என்று இத்தனை வருடம் ஏங்கியவள் நான். உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் துளிகூட வரவில்லை. அவர் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். கையைத் தட்டிவிடவில்லை.

பதினோரு மணிக்குக் குழுவின் முன்னால் அவரே போய் நின்றார். எண்களைக் கேட்டால் சொல்வதற்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தான் எழுதிய நான்கு பக்கத்தையும் இந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது பொய்யில்ல, ஆனா தப்பு. இதுதான் நடந்தது," என்றார். டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. பாதி பருவம் வீண் என்றார், மூன்றாவது மேடையின் கணக்கு முழுக்கக் குப்பைக்குப் போகும் என்றார். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு, "இவ்வளவு படிச்ச எனக்கு உங்க வாயைப் பார்க்கத் தோணலியே," என்றார். அண்ணிக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு. தண்ணீர்க்காரருக்கு வேலையும் அறையும் திரும்ப. டீ நேரத்துக்குள் பட்டப்பெயர் மாறிவிட்டது. இப்போது புழு என்கிறார்கள். அதுவும் அவருக்குத் தெரியும்.

தகவல் அனுப்பினால் போதும் என்றார்கள். அண்ணி கேட்கவில்லை. மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி அந்த மைத்துனர் வீட்டுக்குப் போனார். மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தில் ஒரு திரை கட்டி அவர்களுக்கு விட்டிருந்தார்கள். எங்களை உட்காரச் சொல்ல அங்கே இடமில்லை. அண்ணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், கிள்ளியதிலிருந்து ஆரம்பித்து ஒன்றையும் விடாமல் சொன்னார். தண்ணீர்க்காரர் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரிம்மா," என்றார்.

அவர் மனைவிதான் பேசினார். "இவரு என்ன பண்ணாருன்னு எங்க அண்ணன் தினமும் கேட்டாரு. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. ஒரு நாள் நானே கேட்டுட்டேம்மா, நெசமாவே ஏதாவது கலந்தீங்களான்னு." சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்க்காமல் திரையைச் சரிசெய்தார். தண்ணீர்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்தார். தொட்டிகளில் புது விதை போட்டிருந்தோம். தண்ணீர் விட்டார், குழாயை மூடினார், நிற்கவில்லை. நேராக அண்ணியின் மேஜைக்கு வந்து சட்டைப்பையையும் இரண்டு கால்சட்டைப் பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு கைக்குட்டையும் அறைச் சாவியும் இருந்தது. உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார்.

அண்ணி பதறிப்போய் எழுந்தார். "ஐயோ, எதுக்குங்க இதெல்லாம். வேணாங்க. நான்தான் சொன்னேனே, தப்பு என்னோடதுன்னு."

"நீங்க நல்லவங்கம்மா, வந்து சொன்னீங்க. ஆனா நாளைக்கு மறுபடி ஏதாவது ஏறிச்சுன்னா நான் யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்? நீங்க பாத்ததா இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணி தாங்கியிருப்பார். அவர் தன்மையாகச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். அண்ணி வேலையில் மும்முரமாக இருப்பதுபோலக் குனிந்துகொண்டு பார்த்தார். அவர் பைகள் வெளியே தொங்க அப்படியே காத்திருந்தார். ஒரு நாள் அந்த நேரத்துக்கு அண்ணி வேண்டுமென்றே ஆய்வுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் அங்கேயும் தேடிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"பாத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, நான் போயிடறேன்."

இந்த நடவு தொடங்கி ஏழு வாரமாகிறது. மூன்று மேடையிலும் காரம் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருக்கிறது. தினமும் காலை ஒன்பதே முக்காலுக்கு அண்ணி தலையை நிமிர்த்தி அந்தப் பைகளைப் பார்க்கிறார், பார்த்துவிட்டேன் என்று சொல்கிறார். அவர் பைகளை உள்ளே தள்ளிக்கொண்டு பம்ப் கொட்டகைக்குப் போகிறார்.